332 தீவும் ஒரு பாக்கமும்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்குப் போயிருக்கீங்களா? போகாதவங்க ஒரு நாள் சாயங்காலம் போயிட்டு வாங்க. 2019-ல பசுமைப் பூங்கா ஆக்கினாங்க. கரையைச் சுத்தி நடைபாதை, படகு, தொப்பையைக் குறைக்க வேகமா நடக்கிற அங்கிள்கள், குறைக்கவே விடாம வழியெல்லாம் சுண்டல், ஓரமா சில ஜோடிகள் (நமக்கு எதுக்கு வம்பு!). தண்ணிக்கு நடுவுல பறவைகளுக்காக விட்டு வெச்ச மண்திட்டு. மரம், அது மேல நாரை, அவ்வளவுதான். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அதைத் தீவுன்னு ஒருநாளும் நினைச்சதில்லை.

“தம்பி, அது தீவுதானே? எங்க நாட்டுல 332 இருக்கு. இதையும் சேர்த்துக்கிட்டா 333!”

இப்படிச் சொன்னவர் ஃபிஜி தாத்தா. வயசு 72. போன ஜனவரியில எங்க வீட்டு மாடி போர்ஷனுக்கு ஒரு மாச வாடகைக்கு வந்தவர். அப்பாவோட ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர். அரைக்கை சட்டை முழுக்கப் பெரிய பெரிய செம்பருத்திப் பூ. எங்க தெரு நாய்கள் அந்தச் சட்டைக்குப் பழக நாலு நாள் ஆச்சு.

இந்தப் பத்திரிகையில சேர்ந்த புதுசுல, “டிராவல் கட்டுரை ஒண்ணு எழுதுப்பா”ன்னு சொன்னாங்க. நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். பாஸ்போர்ட் கிடையாது. அதிகபட்சமா போனது ஏற்காடு, அதுவும் காலேஜ் ஐ.வி.! ஆனா அந்த ஒரு மாசத்துல ஃபிஜிக்குப் பாதி தூரம் போயிட்டு வந்துட்டேன்னுதான் சொல்லணும். தாத்தா பூந்தமல்லி வந்தார், நான் பசிபிக் போனேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல மேப். எங்க வீட்டு மொட்டை மாடியில, காய வெச்சிருந்த வடாம் பக்கத்துல, சாக்பீஸால தாத்தா போட்ட மேப்.

ஃபிஜி எங்க இருக்கு? ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கு வடக்கே, தென் பசிபிக்ல. மொத்தம் 330-க்கும் மேல தீவுகள். தாத்தா 332-ன்னு அடிச்சுச் சொல்வார். அதுல ஆளுங்க குடியிருக்கிறது நூத்துப் பத்துதான். மிச்சமெல்லாம் காக்கா, ஸாரி, கடல் காக்கா. விட்டி லெவு, வனுவா லெவுன்னு ரெண்டு பெரிய தீவு. நாட்டோட நிலத்துல பெரும் பங்கு இந்த ரெண்டுதான். விட்டி லெவு மட்டும் 10,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தை மூணு தடவை வெட்டி ஒட்டினா அந்தத் தீவு.

ஜனத்தொகை? 2011 கணக்குப்படி அம்பத்தூர்ல 4.66 லட்சம் பேர், ஆவடியில 3.45 லட்சம் பேர். ரெண்டும் சேர்ந்தா எட்டு லட்சத்தைத் தாண்டுது. 2017 கணக்கெடுப்புல ஃபிஜி நாடு மொத்தத்துக்கும் 8.85 லட்சம் பேர். அதாவது நாம தினமும் ஆவடி லோக்கல்ல தொங்கிக்கிட்டுப் போறோமே, அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேசிய கீதம், ஒரு பிரதமர், ஒரு ரக்பி டீம் குடுத்தா அதான் ஃபிஜி!

ஆனா கடலைச் சேர்த்தா கதையே வேற. நிலமா பார்த்தா தமிழ்நாட்டுல ஏழுல ஒரு பங்குதான். அதுக்குச் சொந்தமான கடல் எல்லை சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். பத்து தமிழ்நாடு! ரொட்டுமான்னு ஒரு தீவு. அதுவும் ஃபிஜிதான், ஆனா 600 கிலோமீட்டருக்கு மேல வடக்கே தனியா கிடக்கு. இங்கிருந்து திருநெல்வேலி தூரம். நடுவுல விழுப்புரம் கிடையாது, திருச்சி கிடையாது, மோட்டல்ல நிறுத்தி டீ கிடையாது. வெறும் தண்ணி.

தீவுன்னா வெள்ளை மணல், தென்னை மரம், சினிமா டூயட்டுன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தாத்தா சிரிச்சார். பெரிய தீவுகள் எரிமலையில முளைச்சவை. மலை உண்டு, ஆறு உண்டு. விட்டி லெவுல இருக்கிற டொமானிவி சிகரம் 1,324 மீட்டர். கிழக்குல லாவ் தீவுக் கூட்டத்துல நிறைய சுண்ணாம்புப் பாறை. போஸ்டர்ல வர்ற குட்டித் தீவுகள் பவளமும் மணலும் சேர்ந்தவை. அங்க டூயட் பாடலாம், குடியிருக்கத்தான் கஷ்டம். குடிக்கத் தண்ணி வேணுமே!

அப்புறம் பேர் உச்சரிப்பு. ஏர்போர்ட் இருக்கிற ஊரை மேப்ல ‘நாடி’ன்னு படிச்சேன். “நாண்டி”ன்னு திருத்தினார். ஃபிஜி மொழிக்கு எழுத்து வகுத்த மிஷனரிகள், ‘ண்ட’, ‘ம்ப’ ஒலிகளுக்கு ஆளுக்கொரு ஒத்தை எழுத்தை ஒதுக்கிட்டாங்களாம். அதனால லபாசான்னு எழுதி லம்பாசான்னு படிக்கணும். தாத்தாவோட ஊர் இன்னும் மோசம். ரெண்டே எழுத்து. ‘பா’ன்னு எழுதுவாங்க. ‘ம்பா’ன்னு சொல்லணும். மாடு மாதிரின்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார், ஆனா அடுத்த அரை மணி நேரம் அவங்க ஊர் ஃபுட்பால் பெருமையைக் கேட்க வெச்சுப் பழி வாங்கிட்டார்.

சரி, இங்கதான் விஷயம் சீரியஸ் ஆகுது.

“தமிழ் ஆளுங்க தீவுல எந்தப் பக்கம் இருக்காங்க தாத்தா?”ன்னு கேட்டேன். சாக்பீஸால விட்டி லெவுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். நாண்டி, லௌடோகா, பா, ராக்கிராக்கி. எல்லாம் மேற்கு, வடக்குப் பக்கம். தலைநகர் சுவா தென்கிழக்குல. “காத்துதான் தம்பி காரணம்”னார்.

காத்தா?

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் கதையேதான். வால்பாறையில கொட்டும், பொள்ளாச்சி தாண்டினா குறையும். அங்க தென்கிழக்குல இருந்து வணிகக் காத்து வருது, நடுவுல இருக்கிற மலையில மோதுது, சுவா பக்கம் கொட்டித் தீர்த்துடுது. சுவாவுல வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. நம்ம சென்னைக்கு 1,400. மலைக்கு அந்தப் பக்கம் நாண்டியில 2,000-க்கும் கீழே, அதுலயும் மே முதல் அக்டோபர் வரை நல்லா காயும். கரும்புக்கு அதுதான் வேணும். காய்ஞ்சாத்தான் தண்டுல சர்க்கரை ஏறும். ஆஸ்திரேலியாவோட சி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனி 1882-ல முதல் ஆலையை மழைப் பக்கம் நௌசோரியிலதான் போட்டது. அது 1959-ல மூடியாச்சு. காய்ஞ்ச பக்கத்துல லௌடோகா ஆலை 1903-ல வந்தது, இன்னும் ஓடுது.

அதே 1903-லதான் மெட்ராஸ்ல இருந்து கூலி ஒப்பந்தக் கப்பல் ஃபிஜிக்குக் கிளம்ப ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி, 1879 முதல், கல்கத்தா வழியா வடநாட்டு ஆளுங்க. 1916-ல கப்பல் நிற்கிறதுக்குள்ள மொத்தம் 60,000 பேருக்கு மேல போயிருந்தாங்க. அதுல சுமார் 15,000 பேர் நம்ம தெற்கத்திக்காரங்க. அக்ரிமென்ட்ங்கிற வார்த்தை அவங்க வாய்ல ‘கிர்மிட்’ ஆச்சு. அஞ்சு வருஷக் கிர்மிட். பத்தடிக்கு ஏழடி அறை. பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ எழுதினது இந்த ஃபிஜியைப் பத்தித்தான். ஸ்கூல்ல நான் அதை ஒப்பிச்சு மார்க் வாங்கியிருக்கேன். அந்தக் கரும்புத் தோட்டத்துக்கு ஒரு மழை மறைவுப் பக்கம் இருக்கு, அங்க பேரன் பேத்திகள் இருக்காங்கன்னு மார்க் வாங்கினப்ப தெரியாது.

தாத்தாவோட தாத்தா 1911-ல கப்பல் ஏறினவர். வயசு 23. என்னைவிட மூணு வயசு பெரியவர். நீராவிக் கப்பல்ல கிட்டத்தட்ட ஒரு மாசம். எனக்கு அரக்கோணம் லோக்கல்ல சீட் கிடைக்கலைன்னாலே மூட் அவுட்!

கப்பல் ஏறின ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாஸ் உண்டு. பேர், அப்பா பேர், ஜாதி, உயரம், உடம்புல அடையாளம், கிராமம், தாலுகா, ஜில்லா. சுவா ஆவணக் காப்பகத்துல இன்னும் இருக்கு. தாத்தா அதோட நகலைப் பிளாஸ்டிக் உறையில போட்டு எடுத்துட்டு வந்திருந்தார். உயரம் அஞ்சடி நாலங்குலம். இடது முழங்கால்ல தழும்பு. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. ஊர் பேர் இருக்கிற இடத்துல, குமாஸ்தா காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல கிறுக்கி வெச்சிருக்கார். கடைசியில ‘பாக்’ன்னு தெரியுது. முன்னாடி என்னன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

“எங்க தாத்தா பூந்தமல்லி பக்கம்னு சொல்வார். ஊருக்கு ஏரி உண்டுன்னு சொல்வார்”ங்கிறதுதான் அவர் கையில இருந்த கூடுதல் துப்பு.

சூப்பர்! நம்ம ஏரியாவுல ‘பாக்கம்’ எத்தனை இருக்குன்னு தெரியுமா? அயப்பாக்கம், காட்டுப்பாக்கம், செம்பரம்பாக்கம்... அதுல ஏரி இல்லாத பாக்கம் எது? தாலுகாவை வெச்சும் பிடிக்க முடியாது. அப்போ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே சைதாப்பேட்டை தாலுகா. செங்கல்பட்டு ஜில்லாவை 1997-ல பிரிச்சு நம்மளைத் திருவள்ளூர் பக்கம் தள்ளியாச்சு. அம்பத்தூர் 2011-ல சென்னை மாநகராட்சிக்குள்ள போயிடுச்சு, ஆவடி 2019-ல தானே மாநகராட்சி ஆயிடுச்சு. நாம ஒரே வீட்டுல இருக்கோம், அட்ரஸ் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

கிராஃப் பேப்பர்ல பாக்கங்களா எழுதி, குமாஸ்தா கிறுக்கலோட பொருத்திப் பார்த்து, ரெண்டு ஊர் மிச்சமாச்சு. பேரை இங்க போடலை. நிச்சயம் ஆகாம போட்டா ரெண்டு ஊர்க்காரங்களும் ஆபீஸுக்கு வந்துடுவாங்கன்னு தாத்தாதான் வேண்டாம்னார்.

ஒரு ஞாயித்துக்கிழமை பைக்ல கிளம்பினோம். பின்னாடி பூப்போட்ட சட்டை, ஹெல்மெட்டோட. ஆவடி ரயில்வே கேட் பக்கம் நிறுத்தச் சொன்னார். நான்தான் உளறியிருந்தேன், தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்கு இந்த வழியாதான் ஓடுச்சுன்னு. “அப்போ எங்க தாத்தா இதுலயும் வந்திருக்கலாம்?” வந்திருக்கலாம். பூந்தமல்லி ரோட்டுல நடந்தும் போயிருக்கலாம். பாஸ்ல அது எழுதலை. அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். அவங்க ஊர்ல கரும்பு வண்டி ரயில் ரெண்டடி அகலத் தண்டவாளத்துல ஓடும், நம்மளது அஞ்சரை அடி. சின்ன வயசுல அதுல தொத்திக்கிட்டு கரும்பு உருவித் தின்னுவாராம். எந்த நாடா இருந்தாலும் பசங்க ஒண்ணுதான்.

பருத்திப்பட்டு, காடுவெட்டியில கூவம் பாலம், சென்னீர்குப்பம், கரையான்சாவடி. மெட்ரோ தூணுங்களுக்கு நடுவுல பூந்தமல்லி. ஒரு டிஃபன் கடையில பொங்கல். வழி நெடுக நான் கேட்டது அவரோட நிலத்துக் கதை.

கிர்மிட் 1920-ல ரத்தாச்சு. பிறகு கம்பெனி நிலத்தைப் பத்துப் பத்து ஏக்கரா பிரிச்சுக் குத்தகைக்கு விட்டுச்சு. தாத்தாவோட தாத்தா, அப்பா, அவர்னு மூணு தலைமுறை கரும்பு. ஆனா ஃபிஜியில 80 சதவீதத்துக்கும் மேல நிலம் அந்த மண்ணோட ஆதி குடிகளுக்குச் சொந்தம். மதாங்காலின்னு சொல்ற குலங்களோட பொதுச் சொத்து. விற்கவே முடியாது. குத்தகைக்கு மட்டும்தான் விடலாம். இந்த ஏற்பாட்டை ஆரம்பத்துல உறுதியாக்கினது முதல் பிரிட்டிஷ் கவர்னர்கள்ல ஒருத்தரான ஆர்தர் கார்டன். ஃபிஜிக்காரங்க நிலத்தையும் வாழ்க்கையையும் காப்பாத்தணும்னு நினைச்ச அதே மனுஷன்தான், அப்போ தோட்டத்துல யார் வேலை செய்யறதுன்னு யோசிச்சு இந்தியாவுல இருந்து கூலி ஆட்களைக் கொண்டுவந்தவர்.

முப்பது வருஷக் குத்தகைகள் 1997-ல இருந்து ஒவ்வொண்ணா முடிய ஆரம்பிச்சது. 1987-ல ஆட்சிக் கவிழ்ப்பு, 2000-ல மறுபடி, 2006-ல மறுபடி. நிறையப் பேர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு கிளம்பிட்டாங்க. தாத்தாவோட குத்தகை புதுப்பிக்கப்படலை. பசங்க ஆக்லாந்துல. அவர் மட்டும் பா டவுன்ல சின்ன வீட்டுல.

“கோவம் வரலையா தாத்தா?”

“அவங்க நிலம் தம்பி. திருப்பிக் கேட்டாங்க. நம்ம நிலத்தை ஒருத்தன் பிடுங்கினா சும்மா இருப்போமா? அதுல தப்பு சொல்ல மாட்டேன்.” கொஞ்ச நேரம் கழிச்சு, “ஆனா கட்டின கொட்டாயைப் பிரிக்கிறப்போ என் பொண்டாட்டி அழுதா”ன்னார்.

பொங்கல் ஆறிடுச்சு.

முதல் பாக்கத்துல ஒண்ணும் தேறலை. ஏரி இருந்தது, கேட்டவங்க எல்லாரும் இருபது வருஷத்துக்குள்ள குடிவந்தவங்க. ஃபிஜின்னதும் ஒருத்தர், “வாட்டர் பாட்டில் வருமே, அதா?”ன்னார்.

ரெண்டாவது பாக்கத்துல ஒரு டீக்கடை. ஒரு பாட்டி, வெத்தலையை ஓரமா ஒதுக்கிக்கிட்டு, “ஏரிக்குக் கீழ கப்பக்காரன் மேடுன்னு ஒரு நெலம் சொல்லுவாங்க”ன்னுது. தாத்தா கையில இருந்த டீ ஆடிச்சு. பக்கத்துல இருந்த பெரியவர், “அதெல்லாம் கெடையாது, அது ஹார்பர்ல வேலை பார்த்தவரோட நெலம்”னார். பாட்டி அவரை ஒரு முறை முறைச்சுது. ரெண்டு பேருக்கும் சண்டை. யார் சொல்றது நிஜம்? எனக்குத் தெரியலை. தாத்தாவுக்கும் தெரியாது. ஆனா ரெண்டு பேரும் கை காட்டின திசை ஒண்ணுதான்.

போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் இன்னும் நெல்லு, அந்தப் பக்கம் கல்லு. மஞ்சள் பெயின்ட் அடிச்ச மனைக்கல்லுங்க வரிசையா. குடைக்குக் கீழ ஒருத்தர், “வாங்க சார், அப்ரூவ்டு பிளாட், ஏரி வியூ!”ன்னார். தாத்தா நெல்லு பக்கம் கையைக் காட்டி, “இது எவ்வளவு?”ன்னார்.

இங்கதான் எனக்குத் தெரிஞ்ச ஒரு சட்டத்தைச் சொல்லிட்டேன், சொல்லாம இருந்திருக்கலாம். தாத்தாகிட்ட ஓ.சி.ஐ. கார்டு இருக்கு. அது இருந்தாலும் வெளிநாட்டுக் குடிமகன் இந்தியாவுல விவசாய நிலம் வாங்க முடியாது. வீட்டு மனை வாங்கலாம். அதாவது அவங்க தாத்தா ஒருவேளை உழுத நிலமா இருந்தா வாங்க முடியாது. அதைக் கல்லு நட்டு மனை ஆக்கிட்டா தாராளமா வாங்கலாம். தாத்தா கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... “அங்கயும் முடியாது, இங்கயும் முடியாது”ன்னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டிட்டு வரப்புல இறங்கி நடந்தார். நெல்லைத் தொடலை. சும்மா நடந்தார். வயல்காரர் தூரத்துல இருந்து “யாருப்பா அது, பூ சட்டை?”ன்னு குரல் குடுத்தார். நான் கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

திரும்பி வர்றப்ப செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. கடல் மாதிரி இருக்குன்னார். 2015 வெள்ளத்தைப் பத்திச் சொன்னேன். அவர் வின்ஸ்டன் புயலைப் பத்திச் சொன்னார். 2016 பிப்ரவரி 20, அஞ்சாம் வகை, 44 பேர் பலி. அவர் வீட்டுத் தகரக் கூரை போய் பக்கத்து மாமரத்துல மாட்டிக்கிச்சு. அதே வருஷம் டிசம்பர்ல நமக்கு வர்தா. எங்க தெருவுல வேப்பமரம் விழுந்துச்சு. அவங்க பக்கம் கடலும் ஏறுது. வனுவா லெவுல வுனிதொகொலொவான்னு ஒரு கிராமம். அலை வீட்டுக்குள்ள வருதுன்னு 2014-ல மொத்த ஊரையும் மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஊரையே இடம் மாத்தினா, நூறு வருஷம் கழிச்சு ஒரு பேரன் வந்து தேடினா என்ன பண்ணுவான்னு கேட்டார். இன்ஜினீயரிங் படிக்கிற நான் ஜி.பி.எஸ்.ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை.

மாசக் கடைசியில கிளம்பிட்டார். நாண்டியில இருக்கிற முருகன் கோயில் படம் போட்ட காலண்டர் ஒண்ணு குடுத்தார். நம்ம ஊர்க் கோபுரத்துக்கு மேல பெயின்ட் இன்னும் ரெண்டு கோட்டிங் போட்ட மாதிரி கலர். 1926-ல அங்க சாது குப்புசாமி ஆரம்பிச்ச சன்மார்க்க ஐக்கிய சங்கத்தோட பள்ளிக்கூடத்துலதான் தாத்தா தமிழ் கத்துக்கிட்டார். பேசுறது சரளம், படிக்கிறது எழுத்துக்கூட்டித்தான்.

ஃபிஜிக்கும் நமக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். 180 டிகிரி தீர்க்கரேகை அவங்க டவியுனி தீவு வழியா போகுது, அங்கதான் நாள் பிறக்குதுன்னு பெருமையா சொல்லுவார். அதனால அவருக்குக் காலை பத்து மணின்னா எனக்கு ராத்திரி மூன்றரை. அந்த மூன்றரைக்கு ஒருநாள் வாட்ஸ்அப் கால்.

“தம்பி, நீ எடுத்த போட்டோவுல ஊர் போர்டு இருக்கே. ‘பாக்கம்’ மட்டும் தெரியுது. முன்னாடி எழுத்து தெரியலையே?”

பெரிசு பண்ணிப் பார்த்தேன். போர்டோட முதல் பாதியில ‘மனைகள் விற்பனைக்கு’ போஸ்டர்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு பழைய பனியன், என்னோட இன்ஜினீயரிங் டிராயிங் ஸ்கேல் எடுத்துக்கிட்டுப் போனேன். பசை காய்ஞ்சு போயிருந்தது. டீக்கடைப் பாட்டி, “கார்ப்பரேஷன் ஆளாப்பா?”ன்னு கேட்டுட்டு ஒரு வாளித் தண்ணி குடுத்துச்சு. முக்கால் மணி நேரம் ஆச்சு. மூணு எழுத்து வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்க சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும்.

எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்கு நேரம் வேணுமே. நான் பாட்டி கடையில ஒரு டீ சொல்லிட்டு உட்கார்ந்தேன்.